எமோலியன்ட்: 'மென்மையூட்டி' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கிரீமின் உட்பொருள் பட்டியலைத் தமிழாக்கியிருந்தார்கள். எமோலியன்ட், எமல்சிஃபையர் இரண்டுக்குமே 'மென்மையாக்கி' என்று போட்டிருந்தது. ஒலி ஒத்திருப்பதால் வந்த குழப்பம். வேலையோ வேறு வேறு.

எமல்சிஃபையருக்கு வேலை புட்டிக்குள். ஒரு குவளையில் நீரும் எண்ணெயும் ஊற்றி எவ்வளவு அடித்துக் கலக்கினாலும், கையை எடுத்த சற்று நேரத்தில் எண்ணெய் மேலே வந்து நிற்கும். பாலிசார்பேட் 80 என்ற எமல்சிஃபையரைக் கொஞ்சம் விட்டுக் கலக்கினால் பால் போல வெளுத்துவிடும், சட்டென்று பிரியாது. அதன் மூலக்கூறில் ஒரு முனை நீரையும் மறு முனை எண்ணெயையும் பற்றிக்கொள்கிறது. இப்படிப் பிரியாமல் நிற்கும் கலவைதான் எமல்ஷன். அந்தச் சொல்லே, பால் கறப்பதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்ததுதான். நம் பாடநூல்களின் 'பால்மம்' அதற்கு எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது! ஆகவே 'பால்மமாக்கி' அப்படியே இருக்கட்டும்.

எமோலியன்டுக்கு வேலை தோலின்மேல். ஸ்குவாலேன் என்ற எண்ணெய், ஷியா வெண்ணெய் போன்றவை மேல்தோல் செல்களுக்கு இடையிலுள்ள இடுக்குகளை நிரப்பிச் சொரசொரப்பைக் குறைக்கின்றன. இதற்குப் 'பதமாக்கி' என்று ஒருவர் சொன்னார். தோலோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், தோல் பதனிடும் தொழில்தான் நினைவுக்கு வருகிறது. 'இளக்கி' என்றால் மலமிளக்கி முந்திக்கொள்கிறது. 'குழைவி' எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் குழைப்பது என்றால் கலப்பதும்தானே? மறுபடி பழைய குழப்பத்துக்கே போய்விடுவோம்.

அதனால் 'மென்மையூட்டி'. நிறமூட்டி, மணமூட்டி என்று ஏற்கெனவே புழங்கும் வரிசையில் இது இயல்பாக உட்காரும். நிறமூட்டி கிரீமுக்கு நிறம் தருவதுபோல இது கிரீமை மென்மையாக்கும் என்று படிக்க மாட்டார்களா? நியாயமான கேள்வி. முதல்முறை வரும் இடத்தில் 'தோல் மென்மையூட்டி' என்று முழுதாக எழுதிவிட்டால் போதும்.

அப்புறம், கிரீம் பட்டியல்களில் வரும் இன்னொரு உட்பொருள், செட்டியரைல் ஆல்கஹால். பெயரைப் பார்த்துத் தோலை உலர்த்திவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அது மெழுகுத் துருவல் போன்ற கொழுப்பு ஆல்கஹால், எத்தனால் அல்ல. தோலை மென்மையாக்கும், பால்மம் பிரியாமலிருக்கவும் துணை நிற்கும். அதற்கு நேரே 'மென்மையூட்டி, துணைப் பால்மமாக்கி' என்று இரண்டையும் எழுதலாம் என்பது என் கருத்து. இதைவிடச் சின்னதாக, நாவில் எளிதாக வரும் சொல் இருந்தால் சொல்லுங்கள். என் சொல்லை விட்டுவிடத் தயார்.