குடும்பக் குழு: சென்னையிலிருந்து வீட்டுக்கு 180 கிலோமீட்டர்

நான் | காலை 6:05
அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் பேசியதை, அன்று வர இயலாதவர்களும் படிக்கும்படி எழுதுகிறேன். போரிலும் எல்லைப் பணியிலும் காயமடைந்த படைவீரர்களுக்காகவும் அவர்களுடைய குடும்பங்களுக்காகவும் நிதி திரட்ட, வரும் பிப்ரவரி இரண்டாவது சனி, ஞாயிறு ஆகிய இரண்டு நாள்களில் கடலூரிலிருந்து சென்னை போர் நினைவுச் சின்னம் வரை சைக்கிளில் செல்லலாம் என்று எண்ணியிருக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே சுமார் 180 கிலோமீட்டர் தூரம் வரும். புதுச்சேரி லாஸ்பேட்டையில் என்னுடன் காலையில் சைக்கிள் ஓட்டும் நண்பர்கள் ஒன்பது பேரும் நம் குடும்பத்தில் ஐந்து பேரும் வருகிறார்கள்.

நான் | காலை 6:12
இந்த எண்ணம் எனக்கு எப்படி வந்தது என்று சித்தப்பா கேட்டிருந்தார். 2004-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிறிஸ் கார்னி என்ற இளைஞர், காயமடைந்த படைவீரர்களுக்கு நிதி திரட்டுவதற்காக, நியூயார்க் மாநிலத்தின் கிழக்கு முனையிலிருந்து கலிபோர்னியாவின் சான் டியேகோ வரை 6,000 கிலோமீட்டருக்கு மேல் சைக்கிளில் சென்றார். அந்தப் பயணத்தில் என்னைக் கவர்ந்தது தூரம் அன்று. அடுத்த ஆண்டே கால் இழந்த வீரர்கள் சிலர் தாங்களும் வருகிறோம் என்று சேர்ந்து, கையால் சுழற்றும் சைக்கிளில்கூட ஓட்டினார்கள். பிரிட்டனிலும் 2008 முதல் இதே நோக்கத்துடன், பழைய போர்க்களங்களை ஒட்டிய நீண்ட சைக்கிள் பயணங்கள் நடந்திருக்கின்றன.

சித்தப்பா | காலை 6:40
நல்ல முயற்சி, தம்பி. ஆனால் படைவீரர் நலனுக்கு நிதி திரட்டும் டிசம்பர் 7 கொடிநாள் இருக்கும்போது பிப்ரவரியை ஏன் தேர்ந்தெடுத்தாய்?

பெரியப்பா | காலை 7:02
அதற்கு நான் பதில் சொல்கிறேன். கொடிநாள் 1949 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. நான் ஆசிரியராக இருந்த காலத்தில், மாணவர்களின் சட்டையில் சிறு காகிதக் கொடியைக் குத்தி உண்டியலில் காசு சேர்த்த நினைவு இன்னும் இருக்கிறது. ஆனால் கார்த்திகை, மார்கழியில் நம் கடலூரை நம்பிச் சாலையில் இறங்க முடியாது. தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று கரையேறி முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்ததை நாம் யாரும் மறக்கவில்லை. பங்குனி பிறந்துவிட்டால் வெயில் தாங்காது. ஆகவே தையின் கடைசியும் மாசியின் தொடக்கமும்தான் பொருத்தமான காலம்.

இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். புறப்படும் நாளில் மஞ்சக்குப்பம் மைதானத்தில் சிறிய மேடை அமைத்து, எல்லைப் பணியில் கால் இழந்த நம் தங்கச்சி வீட்டு மாப்பிள்ளைக்கும் மாவட்டத்திலுள்ள மற்ற வீரர்களுக்கும் சால்வை அணிவித்துச் சிறப்புச் செய்ய வேண்டும். அந்தச் செலவை நான் ஏற்கிறேன்.

அத்தை | காலை 8:15
அண்ணா, உங்கள் அன்பை நான் அறிவேன். ஆனாலும் மேடை வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு விழாவுக்கு இவரை அழைத்தார்கள். காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லி, பன்னிரண்டரை மணி வரை வெயிலில் உட்கார வைத்து, சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு அனுப்பினார்கள். வியர்வையில் செயற்கைக் கால் உராய்ந்து, மீதிக் காலில் புண்ணாகி, அடுத்த பதினெட்டு நாள்கள் அவரால் காலை மாட்டவே முடியவில்லை. வேலைக்கும் போகவில்லை. அந்தப் பதினெட்டு நாள்களும் எப்படிப் போயின என்று ஒருவரும் கேட்கவில்லை.

2002-இல் இவருக்கு அடிபட்டதாகத் தந்தி வந்தபோது நம் பெண்ணுக்கு நான்கு வயது. அவளை அம்மாவிடம் விட்டுவிட்டு, கடலூரிலிருந்து பேருந்தில் சென்னை வந்து, அங்கிருந்து ஒரு பகலும் ஓர் இரவுமாக ரயிலில் புனே போனேன். இந்தி தெரியாது. அவருடைய சிகிச்சையை ராணுவம் குறையில்லாமல் பார்த்துக்கொண்டது. ஆனால் உடன் இருப்பவள் எங்கே தங்குவாள், எதைச் சாப்பிடுவாள், ஊரில் விட்டுவந்த பிள்ளைக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் என் தலையில் இருந்தது. செயற்கைக் கால் ஒருமுறை பொருத்தினால் வாழ்நாள் முழுதும் வருவது அன்று. மீதிக் கால் மெலிய மெலிய, அது பொருந்தும் குழிப்பகுதி (சாக்கெட்) தளர்ந்துவிடும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே பயணம், அதே செலவு.

பண்ருட்டிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருக்கிறாள். அவள் கணவருக்கு முதுகுத்தண்டில் அடி. படுக்கைப் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும்; இரவிலும் அப்படித்தான். பதினொரு ஆண்டுகளாக அவள் தொடர்ந்து ஓர் இரவு முழுதும் தூங்கியதில்லை. மருமகனே, நீ 180 கிலோமீட்டர் ஓட்டிச் சேர்க்கும் பணம் அப்படிப்பட்ட வீட்டின் கதவைத் தட்டுமா என்பது மட்டும்தான் என் கேள்வி.

பெரியப்பா | காலை 8:31
தங்கச்சி, நீ இவ்வளவையும் சுமந்தது இத்தனை ஆண்டுகளில் எனக்கு முழுதாகத் தெரியாமல் போனதற்காக வருந்துகிறேன். மேடை வேண்டாம். அதற்கு ஒதுக்கிய பணத்தை நிதியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா | காலை 9:10
பணம் எப்படிச் செல்ல வேண்டும் என்று தெளிவாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்தவர்களிடம் கிலோமீட்டருக்குப் பத்து ரூபாய் கேட்கலாம். முழுத் தூரத்துக்கும் ஒருவர் கொடுப்பது 1,800 ரூபாய் ஆகும். சைக்கிள் பழுது, வழிச் சாப்பாடு, மரக்காணத்தில் இரவுத் தங்கல் ஆகியவை ஓட்டுபவர்களின் சொந்தச் செலவாகவே இருக்கட்டும். நன்கொடையிலிருந்து பனியன் அச்சடிப்பதற்குக்கூட ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. திரட்டியதில் பாதியை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடிநாள் நிதிக்குச் செலுத்தி ரசீதைக் குழுவில் போடுகிறேன். மறுபாதியை எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தங்கச்சியே தீர்மானிக்கட்டும்.

அத்தை | காலை 9:48
காற்று மெத்தை, சக்கர நாற்காலி, புனே போகும்போது உடன் செல்பவருக்கு ரயில் கட்டணமும் தங்கும் செலவும். இவற்றிலிருந்து தொடங்கலாம், சின்ன அண்ணா. எந்த வீட்டுக்கு எது தேவை என்பதை நானே நேரில் போய்க் கேட்டு வருகிறேன். போட்டோ எடுக்க யாரும் என்னுடன் வர வேண்டாம்.

தம்பி | காலை 10:20
அண்ணா, பாதையைப் பற்றி ஒன்று. பிப்ரவரியிலும் கடற்கரையோரம் வாடைக்காற்று ஓயாது. கடலூரிலிருந்து வடக்கே போனால், மரக்காணம் உப்பளப் பகுதியில் மறைப்பே இல்லாத வெளியில், எதிர்காற்றை முட்டிக்கொண்டே ஓட்ட வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக வெள்ளிக்கிழமை இரவு சைக்கிள்களைச் சிறிய லாரியில் ஏற்றிச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, சனிக்கிழமை விடியற்காலையில் போர் நினைவுச் சின்னத்திலிருந்து புறப்பட்டுத் தெற்கு நோக்கி வந்தால், காற்று முதுகைத் தள்ளும். முதல் நாள் மாமல்லபுரம், கல்பாக்கம் கடந்து மரக்காணம். மறுநாள் புதுச்சேரி வழியாகக் கடலூர்.

நான் | காலை 10:27
நல்ல யோசனை. பயணம் நம் வீட்டு வாசலில் முடிவதே எனக்கும் சரியாகப் படுகிறது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில், 1938-இல் கட்டப்பட்ட பிரெஞ்சுப் போர் நினைவிடத்தின் அருகே சற்று நின்று வரலாம். முதல் உலகப் போரில் பிரான்சுக்காகச் சென்று மடிந்த நம் ஊர் ஆட்களின் நினைவும் அங்கே இருக்கிறது.

மாமா | பகல் 1:05
காலையிலிருந்து எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். என் காலைப் பற்றி நான் இந்தக் குழுவில் எழுதியதில்லை. 2001 டிசம்பரில் பாராளுமன்றம் தாக்கப்பட்ட பிறகு, ஆபரேஷன் பராக்ரம் என்ற பெயரில் எல்லை நெடுகப் படைகள் நிறுத்தப்பட்டபோது, எங்கள் பிரிவு ராஜஸ்தானில் இருந்தது. போர் நடக்கவில்லை. நாங்களே புதைத்த கண்ணிவெடிகளைத் திரும்ப எடுக்கும்போதுதான் எனக்கு அது நேர்ந்தது. எதிரியின் குண்டு படாமல் கால் போனதே என்ற எண்ணம் என்னை நெடுநாள் பேசவிடாமல் செய்தது.

புனேயில் செயற்கை உறுப்பு மையத்தில் இருந்தபோது, கட்கியிலுள்ள முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட வீரர்களின் மறுவாழ்வு மையத்துக்கு ஒருநாள் கூட்டிப்போனார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவர்கள் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து விளையாடினார்கள். கை அசையாத ஒருவர் தூரிகையை வாயில் கவ்வி ஓவியம் வரைந்துகொண்டிருந்தார். 1965 போரில் குண்டடிபட்டு, பிறகு நீச்சல் கற்று, 1972-இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் இந்தியாவின் முதல் தங்கத்தை வென்ற முரளிகாந்த் பேட்கரைப் பற்றி அங்கேதான் கேள்விப்பட்டேன். அன்று மாலைதான் முதல் முறையாகக் காலை மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடிக்காமல் நான்கு அடி நடந்தேன்.

மாப்பிள்ளை, புதுச்சேரியிலிருந்து கடலூர் வரை இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் வரும். அந்தத் தூரத்தை நானும் ஓட்ட விரும்புகிறேன். என்னை வண்டியில் உட்கார வைத்து முன்னால் கொண்டுபோக வேண்டாம். எல்லோருடனும் சேர்ந்து, எல்லோரும் போகும் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, நானே மிதித்து வீடு வந்து சேர வேண்டும்.

அக்கா | பகல் 1:30
மாமா, பிசியோதெரபி செய்பவள் என்ற முறையில் சொல்கிறேன்: உங்களால் முடியும், ஆனால் இன்றிலிருந்தே பழக வேண்டும். உங்களுடையது முழங்காலுக்குக் கீழான இழப்பு என்பதால் மிதிக்கும் விசை தொடையிலிருந்தே வரும். முழங்கால் அதிகம் மடங்கினால் சாக்கெட்டின் பின்விளிம்பு குத்தும். அதற்காக இருக்கையைச் சற்று உயர்த்த வேண்டும். செயற்கைப் பாதத்தின் முன்பகுதியை அன்றி நடுப்பகுதியைப் பெடலில் வைத்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். முதல் வாரம் தேவனாம்பட்டினம் சாலையில் மூன்று கிலோமீட்டர் போதும். ஒவ்வொரு முறை இறங்கியதும் காலைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று அத்தை பார்க்க வேண்டும். சிவப்பு பத்து நிமிடத்தில் மறையவில்லை என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

அத்தை | பகல் 1:42
பார்த்துக்கொள்கிறேன். நானும் பின்னால் ஸ்கூட்டரில் வருவேன்.

நான் | பகல் 1:55
மாமா, கடைசி இருபத்தைந்து கிலோமீட்டருக்கு வேகத்தை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். பதினான்கு பேரும் உங்கள் பின்னால் வருகிறோம். செவ்வாய்க்கிழமை மாலை என் பழைய சைக்கிளை எடுத்துக்கொண்டு வருகிறேன். அக்காவும் வந்தால் இருக்கை உயரத்தை அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

மாமா | பகல் 2:03
ஆறு மணிக்கு வா, மாப்பிள்ளை. மீதிக் காலுக்குப் புது லைனர் உறை மாட்டித் தயாராக இருக்கிறேன்.