வாய் பிளக்க வைக்கும் புத்தகம் வேண்டும், பெரிய எண்கள் வேண்டாம்

மெய்ப்புக்காரன்:
மெய்ப்பு பார்ப்பது என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக ஒற்று மிகுமா மிகாதா என்றே பக்கங்களைப் பார்த்துப் பழகியதில், நல்ல புத்தகத்தைக் கையில் எடுத்தாலும் கண் முதலில் போய் நிற்பது விடுபட்ட புள்ளியில்தான். கதையெல்லாம் அப்புறம். சின்ன வயதில் பாதிப் பக்கத்தில் விரலை வைத்து மூடிக்கொண்டு, சும்மா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அப்படி உட்கார வைக்கும் புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். இத்தனை கோடி விண்மீன், இத்தனை கோடி ஒளியாண்டு என்று மிரட்டும் ரகம் மட்டும் வேண்டாம். எண்ணைப் பார்த்தாலே சைபர் சரியாக இருக்கிறதா என்று எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.

வால்காக்கை:
டார்வினின் கடைசிப் புத்தகம், 1881இல் வந்தது. முழுக்க முழுக்க மண்புழு! 1842இல் ஒரு வயலில் சுண்ணாம்புக்கல் துண்டுகளைப் பரப்பிவிட்டு, 29 வருஷம் கழித்துப் பள்ளம் தோண்டிப் பார்க்கிறார். ஏழு அங்குல ஆழத்தில் வெள்ளைக் கோடு. கல் தானாகப் புதையவில்லை, புழுக்கள் கீழ்மண்ணைத் தின்று மேலே கொண்டுவந்து தள்ளியே மூடியிருக்கின்றன. புழுவுக்குக் காது கேட்குமா என்று பஸ்ஸூன் குழலை ஊதச் செய்து பார்த்திருக்கிறார், அசையவில்லை. புழு இருந்த மண்தொட்டியைப் பியானோ மேல் வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டதாம். அதிர்வுதான் எட்டுகிறது, ஒலி இல்லை.

நடுநிசி:
இதெல்லாம் வயசுக் கோளாறு சார். பன்னிரண்டு வயதில் எதைப் படித்தாலும் வியப்புதான்.

கண்ணாடிவில்லை:
நடுநிசி சொல்வதை ஏற்க முடியாது. 1665இல் ராபர்ட் ஹூக்கின் நுண்ணோக்கிப் புத்தகம் வந்த சூட்டோடு அதை வாங்கி, ராத்திரி இரண்டு மணி வரை படித்ததாக நாட்குறிப்பில் எழுதிவைத்த சாமுவேல் பெப்பீஸ் சின்னப் பையன் இல்லை, முப்பது தாண்டிய அரசு அதிகாரி. மெய்ப்புக்காரருக்கென்றே அதில் ஒரு இடம் உண்டு. முதல் அத்தியாயத்திலேயே ஹூக் ஊசிமுனையைப் பார்க்கிறார், அது மொட்டையாகத் தெரிகிறது. அடுத்து அச்சிட்ட முற்றுப்புள்ளி. வட்டமே இல்லை, ஓரமெல்லாம் பிசிறடித்த மைக்கறை! மடித்துவைத்த பெரிய தெள்ளுப்பூச்சிப் படத்தைத்தான் எல்லாரும் காட்டுவார்கள், என் ஓட்டு அந்தப் புள்ளிக்கு.

கரித்துண்டு:
விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடேயின் மெழுகுவர்த்தி உரைகள். 1860 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய ஆறு உரைகள், 1861இல் நூலானது. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். பேசியவரும் பையனாக இருந்தபோது பைண்டிங் கடையில் வேலை பார்த்துக்கொண்டே, கட்டவந்த புத்தகங்களைப் படித்தவர். படிப்பதோடு விடாதீர்கள். மெழுகுவர்த்தியை மெதுவாக ஊதி அணைத்து, எழும் வெள்ளைப் புகையில், திரியிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, தீக்குச்சியைக் காட்டுங்கள்.

மெய்ப்புக்காரன்:
புள்ளி விஷயம் நன்றாகக் குத்துகிறது, கண்ணாடிவில்லை! நேற்று மெழுகுவர்த்தியைத்தான் எடுத்தேன். இரண்டு தடவை புகை கலைந்து போனது. ஃபேன் ஓடுகிறது என்பதே அப்புறம்தான் உறைத்தது. நிறுத்திவிட்டு மூன்றாம் தடவை காட்டினேன். தீ குச்சியிலிருந்து புகை வழியாக ஓடிப்போய்த் திரியில் உட்கார்ந்தது. திரியைக் குச்சி தொடவே இல்லை! எரிவது மெழுகின் ஆவி என்று படித்துவிட்டுத்தான் செய்தேன், இருந்தும் கை நடுங்கியது. இன்னொன்று: ஃபேன் ஓடியபோது ஒரு பக்க விளிம்பு மட்டும் கரைந்து மேஜையெல்லாம் மெழுகு. அதற்கும் முதல் உரையிலேயே விளக்கம் இருக்கிறது. சுடர் கீழிருந்து இழுக்கும் குளிர்ந்த காற்று சுற்றிலும் சமமாக ஏறினால்தான் விளிம்பு உருகாமல் கிண்ணம்போல் நிற்குமாம்.

அடுத்தது புழு. வால்காக்கை, என்னிடம் பியானோ இல்லை. தொட்டியை மர மேஜையில் வைத்து விரலால் தட்டினால் போதுமா?