முதல் கேள்வி பிட்ச் எப்படி என்பதுதான்

புக்கி, அதாவது பந்தயம் நடத்துகிறவன், என்றால் பெட்டி நிறையப் பணத்தோடு வருவான் என்று நினைத்திருந்தேன். நான் கிரிக்கெட் லீக் ஆடிய காலத்தில் என்னிடம் வந்தவர், பேட் ஸ்பான்சர் பிடித்துத் தருவதாகத்தான் பேச்சைத் தொடங்கினார். தங்கமான மனுஷன் மாதிரி இருப்பார், டக் அவுட் ஆன அன்றுகூட ஆறுதலாக மெசேஜ் வரும். ஒருநாள் ராத்திரி போன் செய்து, நாளைக்கு பிட்ச் எப்படி, ஓப்பனிங் யார், உங்கள் ஸ்பின்னருக்கு விரலில் அடியாமே என்று சாதாரணமாகக் கேட்டார். பணப் பேச்சே இல்லை, ஆனால் பந்தயத்துக்கு வேண்டிய உள்விவரம் இதுதான். மறுநாள் காலை மேனேஜரிடம் சொன்னேன், ஊழல் தடுப்பு அதிகாரி வந்து என்னவோ நான்தான் குற்றவாளி என்பதுபோலத் துருவித் துருவிக் கேட்டார், அதற்குள் அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

1994இல் ஆஸ்திரேலியாவின் ஷேன் வார்னேயும் மார்க் வாவும் ‘ஜான்’ என்ற புக்கியிடம் காசு வாங்கிக்கொண்டு சொன்னதும் பிட்ச், வானிலை விவரம்தான். அவர்கள் வாரியம் 1995இல் அபராதம் போட்டுவிட்டு 1998 வரை வெளியே மூச்சு விடவில்லை. எனக்கு ஆட்டக்காரர்களைவிட அந்த வாரியத்தின் மேல்தான் கோபம் அதிகம்.

—

எனக்கு வேறு மாதிரி அனுபவம். கூட்டமே இல்லாத ஒரு டி20 மேட்ச், எனக்குப் பின்னால் ஒருவர் காதில் இயர்போனோடு “டாட்… ஒண்ணு… வைடு” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். சிக்ஸர் போனது, எல்லோரும் எழுந்து கத்துகிறோம், அவர் உட்கார்ந்தபடி “ஆறு” என்றார், அவ்வளவுதான். செக்யூரிட்டி வந்து கூட்டிப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது: டிவியில் படம் சில விநாடி தாமதமாக வரும், அந்த இடைவெளியில் பெட் கட்டுகிறவனுக்கு மைதானத்திலிருந்து சொல்கிற ஆள் அவர். இது ஃபிக்சிங் (காசு வாங்கிக்கொண்டு ஆட்டத்தை முன்பே பேசிவைப்பது) இல்லை, ஆட்டக்காரர் யாரையும் தொட வேண்டியதில்லை. பல நாடுகளில் இது குற்றம்கூட இல்லை, டிக்கெட் விதியை மீறியதாக வெளியே அனுப்புவார்கள்.

—

2000 ஜனவரி செஞ்சூரியன் டெஸ்டை நான் டிவியில் பார்த்தேன். மூன்று நாள் மழையில் போச்சு, கடைசி நாள் தென்னாப்பிரிக்க கேப்டன் ஹான்சி குரோனியே இரண்டு அணியும் ஒவ்வொரு இன்னிங்ஸை விட்டுக்கொடுக்கலாம் என்றார், இங்கிலாந்து 2 விக்கெட்டில் ஜெயித்தது. என்ன ஒரு கேப்டன் என்று நண்பர்களோடு சண்டை போட்டு வாதாடினேன்! டிரா ஆகாமல் முடிவு வர வைத்ததற்காக புக்கி அவருக்குப் பணமும் ஒரு லெதர் ஜாக்கெட்டும் கொடுத்தது அப்புறம்தான் வெளியே வந்தது. அதுவும் டெல்லி போலீஸ் வேறொரு தொடரில் அவர் போன் பேச்சை ஒட்டுக்கேட்டதால் நூல் கிடைத்தது, இல்லாவிட்டால் இன்றைக்கும் அந்த மேட்சைச் சொல்லிச் சொல்லிச் சிலாகித்துக்கொண்டிருப்பேன்.

—

முதலில் எழுதியவன்தான். அந்த புக்கி ஏன் உங்களிடம் வந்தார் என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் அணியில் சம்பள பாக்கி, அது அவருக்குத் தெரிந்திருந்தது. ஜிம்பாப்வேயின் பிரெண்டன் டெய்லர் கதையும் இதேதான்: வாரியம் மாதக்கணக்கில் சம்பளம் தராத நேரத்தில், 2019இல், ஸ்பான்சர்ஷிப் பேச 15,000 டாலர் தருகிறோம் என்று இந்தியாவுக்கு அழைத்தார்கள். ஃபிக்சிங்குக்காகத் தன்னை அணுகியதைத் தாமதமாகப் புகார் செய்தார், மூன்றரை ஆண்டு தடை. வங்கதேசத்தின் ஷாகிப் அல் ஹசன் தன்னை அணுகியதைப் புகாரே செய்யவில்லை, இரண்டு ஆண்டு, அதில் ஒன்று நிறுத்திவைப்பு. சரி, சம்பளம் தராத வாரியத்துக்கு எத்தனை ஆண்டு?