சேவைவழிக் கற்றலை எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் விரிவாக்கலாமா?

ஓடைக்கரை:
கட்டாயம் விரிவாக்க வேண்டும். சேவைவழிக் கற்றல் என்றால், பாடத்தில் படிப்பதை வைத்தே ஊருக்குப் பயன்படும் ஒரு வேலையைச் செய்து கற்பது. குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்வதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். நீர் மாசு பாடம் நடக்கும்போது, பக்கத்து ஓடையை ஆறு வாரம் அளந்து, முடிவை நீர் வழங்கல் அலுவலகத்திடம் கொடுப்பதைச் சொல்கிறேன். பாடமும் மனதில் நிற்கும், ஊருக்கும் பயன்.

மணிக்கணக்கு:
விரிவாக்கம் என்றாலே மேலிருந்து 'இத்தனை மணி நேரம்' என்று உத்தரவு வரும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 1992இல் மாணவர்களுக்கு 75 மணி நேரச் சேவையைக் கட்டாயமாக்கியது. கனடாவின் ஒன்டாரியோவில் 40. வேலைக்குப் போகிற பிள்ளை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மாலையில் எங்கே போகும்? கடைசியில் யாரிடமாவது கையெழுத்து வாங்கித் தாளை நிரப்புவார்கள்.

ஓடைக்கரை:
இரண்டையும் ஒன்றாகப் போடாதீர்கள். ஒன்டாரியோவின் 40 மணி பாடவேளைக்கு வெளியே செய்வது. மேரிலாந்தில் ஆயத்தம், செயல், சிந்தித்துப் பார்த்தல் மூன்றும் வேண்டும். பாடத்துக்குள்ளேயே வைக்கவும் வழியுண்டு. வகுப்பு நேரத்தில் நடந்தால் உங்கள் கவலை பாதி தீரும்.

களக்குறிப்பு:
வகுப்பு நேரத்தில் வைத்தாலும் ஆயத்தம் இல்லாவிட்டால் வீண். புட்டியை ஓடை நீராலேயே மூன்று முறை அலச வேண்டும். நீர் வரும் திசையைப் பார்த்து நின்று பிடிக்க வேண்டும். புட்டிக்கு மேல்பக்கம் நின்றால் காலில் கலங்கிய சேறு புட்டிக்குள் வந்துவிடும். நீரில் கரைந்த ஆக்சிஜனைக் கரையிலேயே அளக்க வேண்டும். அரைப் புட்டி நீரை வகுப்புக்குக் கொண்டுவந்தால் வழியெல்லாம் குலுங்கிக் காற்று கலந்து, அளவு மாறிவிடும். இடத்துக்கு மூன்று அளவு, மூன்றையும் எழுத வேண்டும். பிள்ளைகள் 'சரியாகத் தெரிகிற' ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுவார்கள். அங்கேதான் ஆசிரியர் நிற்க வேண்டும்.

சிந்தித்துப் பார்ப்பதிலும் இதே கதை. 'என்ன உணர்ந்தாய்?' என்று கேட்டால் நாற்பது நோட்டிலும் 'மகிழ்ச்சியாக இருந்தது' என்றுதான் இருக்கும். 'மேல்பக்க அளவும் கீழ்ப்பக்க அளவும் ஏன் வேறுபட்டன? நடுவில் என்ன இருக்கிறது? நாம் தவறாக அளந்திருக்கலாமா?' என்று கேளுங்கள், எழுத ஆரம்பிப்பார்கள்.

மணிக்கணக்கு:
நல்ல விவரம், நன்றி. ஆனால் நாற்பது பேரை ஒரே ஆசிரியர் நீர்க்கரைக்குக் கூட்டிப்போவதா? பத்துப் பேருக்கு ஒரு பெரியவராவது வேண்டாமா? அந்த ஆசிரியர் மாற்றலாகிப் போனால் மறு வருடம் திட்டமும் போய்விடும்.

ஓடைக்கரை:
அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் இரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்த வேண்டும், ஆயத்தத்துக்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும், அளவுக் குறிப்பேடு பள்ளியில் இருக்க வேண்டும் என்கிறேன். முதல் ஆண்டு ஒரு வகுப்பு போதும்.

மணிக்கணக்கு:
அந்தப் பாடவேளை கால அட்டவணையில் அச்சாகி வரட்டும். அளவுகளை வாங்கிப் பதில் தருவோம் என்று நீர் வழங்கல் அலுவலகமும் எழுத்தில் தரட்டும். இரண்டும் இல்லாத பள்ளியில் தொடங்குவதை நான் எதிர்க்கத்தான் செய்வேன்.