மைஃபோர்டு 7: பெயர்த்தகட்டை நம்பாமல் அடையாளம் காண்பது

பழைய மைஃபோர்டு லேத் (இங்கிலாந்தில் செய்த சிறு கடைசல் இயந்திரம்) வாங்கலாம் என்று பார்க்கப் போகிறவர்கள் முதலில் முன்பக்கத் தகட்டைத்தான் படிக்கிறார்கள். அதைக் கடைசியில் படித்தால் போதும், கழற்றி மாட்டக்கூடிய பொருள் அது. பெயின்ட்டும் அப்படித்தான்.

நாட்டிங்ஹாம் அருகே பீஸ்டன் தொழிற்சாலையில் எம்எல்7 என்ற மாடல் வந்தது 1946-ல். 1950-களின் தொடக்கத்தில் சூப்பர் 7. பல வருடம் கழித்து இரண்டுக்கும் நடுவில் எம்எல்7-ஆர். மூன்றுக்கும் சென்டர் உயரம் (அடித்தளத்திலிருந்து சுழலும் மையம் வரை) 3½ அங்குலம், ஸ்பிண்டில் (சுழலும் தண்டு) மூக்கு மரை 1⅛ அங்குலம் 12 டிபிஐ (அங்குலத்துக்கு 12 புரி), உள்ளே 2-ஆம் நம்பர் மோர்ஸ் டேப்பர் (கூம்புத் துளை). வேலைப்பொருளைப் பிடிக்கும் சக் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே ஏறும் என்பதால் அதை வைத்து எதுவும் தெரியாது.

பெல்ட் கவரைத் திறந்து ஸ்பிண்டில் புல்லியின் படிகளை எண்ணுங்கள். 3 படி என்றால் எம்எல்7: மொத்தம் 6 வேகம், 35 முதல் 640 ஆர்பிஎம். 4 படி என்றால் சூப்பர் 7 ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலைத் தாங்கும் இடப்பக்கப் பாகம்): 14 வேகம், மேலே ஏறக்குறைய 2100 வரை போகும். 4 படி இருந்து கிளட்ச் லீவர் இல்லையா? எம்எல்7-ஆர்.

சொட்டு எண்ணெய்க் கிண்ணம் இருந்தால் எம்எல்7 என்று முடிவுகட்ட வேண்டாம். ஆரம்பகால சூப்பர் 7-லும் முன் பேரிங்குக்கு அதுதான். எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியும் திரியும் பிறகு வந்தவை.

* * *

மேலே சொன்னதோடு நம்பரையும் சேர்த்துப் பாருங்கள். பெட்டில் (எல்லாப் பாகமும் உட்காரும் நீள அடித்தளம்) டெயில்ஸ்டாக் (வலப்பக்கத் தாங்கி) முனைப் பக்கம் பொறித்திருக்கும். எண்ணெய்ப் பிசுக்கில் மறைந்திருந்தால் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் தெரியும். 'கே' எம்எல்7, 'எஸ்கே' சூப்பர் 7, 'கேஆர்' எம்எல்7-ஆர்.

ஆனால் நம்பர் இருப்பது பெட்டில். ஹெட்ஸ்டாக் போல்ட்டில் நிற்கும் தனிப் பாகம். 'எஸ்கே' பெட்டின் மேல் 3 படிப் புல்லி உட்கார்ந்திருந்தால் இரண்டு மெஷின் சேர்ந்து ஒன்றாகியிருக்கிறது. ஓடாது என்றில்லை, சூப்பர் 7 விலை கொடுக்கக் கூடாது.

பெட்டிலும் இரண்டு வகை. 1972 வரை சேடிலுக்கு (வெட்டும் கருவியைத் தாங்கி நகரும் பாகம்) வழிகாட்டியது முன் ஷியர் (பெட்டின் இரண்டு தண்டவாளங்களில் முன்னது) மட்டும், அதன் உள்முகமும் வெளிமுகமும். பிறகு வந்தவற்றில் முன் ஷியரின் முன்முகமும் பின் ஷியரின் பின்முகமும். பழைய வகையில் ஹெட்ஸ்டாக் பக்கம்தான் தேயும். முன் ஷியரின் அகலத்தை மைக்ரோமீட்டரால் சக்குக்குக் கீழே ஒரு இடம், டெயில்ஸ்டாக் முனையில் ஒரு இடம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 0.003 அங்குலத்தைத் தாண்டினால், சக் அருகே ஆட்டம் போக ஜிப்பை (இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கியதும் சேடில் மறுமுனையில் இறுகிப் பிடிக்கும்.

அதற்காக பெட்டை உடனே கிரைண்டிங்குக்கு அனுப்ப வேண்டியதில்லை. பின் ஷியரின் பின்முகம் பழைய மெஷினில் வேலையே செய்யாததால் புதிதாகவே இருக்கும். சேடிலின் பின்பக்க உள்முகத்தில் எஃகுப் பட்டை ஒன்றை எபாக்ஸி வைத்து ஒட்டி, திருகும் போட்டு, அந்த முகத்தில் ஓட விட்டால் பெட்டின் நீளம் முழுக்க ஒரே சீராக நகரும்.

* * *

எம்எல்7 பேரிங் பற்றி ஒன்று, ஏனென்றால் அதிகம் கெடுவது இங்கேதான். இரண்டாகப் பிரியும் வெள்ளை உலோக பேரிங். மூடிக்குக் கீழே அடுக்கடுக்காக உரிக்கக்கூடிய ஷிம் (மெல்லிய தகடு). ஸ்பிண்டிலில் தடித்த ராடு ஒன்றைச் செருகி, மூக்கில் டயல் கேஜை வைத்து, ராடை மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் இரண்டு பக்கமும் சம அளவு உரித்து, மூடியை முழுசாக இறுக்கி, மறுபடி அளக்க வேண்டும். ஷிம்மைத் தூக்கிப் போட்டுவிட்டு போல்ட்டைப் பாதி இறுக்கி ஆட்டத்தைச் சரிக்கட்டிய மெஷின்கள் நிறைய வருகின்றன. அதிர்வில் போல்ட் தளரும், பேரிங் கரையும். உரிக்க ஷிம்மே மிச்சமில்லை என்றால் பேரிங்குக்கு ஆகும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

பேக்கியரையும் (வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரங்கள்) கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். இறுகிப்போன சக்கைக் கழற்ற, புல்லியையும் புல்கியரையும் (ஸ்பிண்டிலிலுள்ள பெரிய பல்சக்கரம்) இணைக்கும் சாவியை எடுக்காமலேயே பேக்கியரைப் போட்டு ஸ்பிண்டிலைப் பூட்டி, சக் மேல் நெம்புவார்கள். அந்த அடி முழுக்க ஒரே ஒரு பல்லில் விழும், பல் உடையும். பித்தளை வைத்து நிரப்பி அரத்தால் ராவிய பல் மஞ்சளாகக் காட்டிக்கொடுக்கும்.

* * *

மில்லிங் (சுழலும் கட்டரால் செதுக்கும்) வேலைக்காக வாங்குகிறவர்களுக்கு: கிராஸ் ஸ்லைடில் (சேடில் மேல் குறுக்கே நகரும் பாகம்) டி-ஸ்லாட் (டி வடிவப் பள்ளம்) இருக்கிறதா பாருங்கள், வெர்டிகல் ஸ்லைடு (வேலைப்பொருளை மேலும் கீழும் நகர்த்துவது) நிற்பது அதன் மேல்தான். லீட்ஸ்க்ரூ (சேடிலை நகர்த்தும் நீளத் திருகு) முனையில் கைச்சக்கரம் வேண்டும். 8 டிபிஐ லீட்ஸ்க்ரூவுக்கு 125 பிரிவு, ஒரு பிரிவு 0.001 அங்குலம், வெட்டின் ஆழத்தை வைப்பது அதில்தான்.

லீட்ஸ்க்ரூவில் நீளத்துக்கும் சாவிப்பள்ளம் ஓடினால் அது பவர் கிராஸ் ஃபீடு (கிராஸ் ஸ்லைடு தானாக நகரும் வசதி) உள்ள பிந்தைய மெஷின்.

கட்டரை டிரில் சக்கில் பிடிக்காதீர்கள். பக்கவாட்டு விசையில் மோர்ஸ் டேப்பர் கழன்று சக்கோடு வெளியே வரும். ஸ்பிண்டில் துளை 19/32 அங்குலம், டிராபார் (இழுத்து இறுக்கும் நீளக் கம்பி) தாராளமாகப் போகும். கட்டரைப் பிடிக்கும் 2 மோர்ஸ் கோலெட்டைப் பின்னாலிருந்து இழுத்து இறுக்கி, கட்டர் சுழலும் திசைக்கு எதிராகவே ஃபீடு கொடுங்கள். அதே திசையில் கொடுத்தால் திருகிலுள்ள பேக்லாஷ் (தளர்வு) அளவுக்கு ஜாப் (வேலைப்பொருள்) கட்டருக்குள் பாயும்.