சோலார் ஹீட்டரின் செம்புக் குழாயும் ஜி.ஐ. குழாயும் சேரும் இடத்தில் அரிப்பு: தடுப்பது எப்படி?

கேள்வி:
வணக்கம். மாடியிலுள்ள சோலார் வாட்டர் ஹீட்டரிலிருந்து இறங்கும் செம்புக் குழாயை, குளியலறைக்குப் போகும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயோடு மூன்று ஆண்டுகளுக்கு முன் நேரடியாக இணைத்தோம். இப்போது ஜி.ஐ. பக்கம் மரையிலேயே அரித்துக் கசிகிறது. காலையில் முதலில் வரும் நீர் செந்நிறமாக இருக்கிறது. எங்களுடையது உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர். டெஃப்லான் டேப்பை இன்னும் நான்கு சுற்றுச் சுற்றினால் சரியாகிவிடும் என்கிறார் பிளம்பர். அது போதுமா?

பதில் 1:
போதாது. டெஃப்லான் மின்சாரத்தைக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் இறுக்கும்போது மரையின் விளிம்புகள் டேப்பைக் கிழித்துக்கொண்டு ஒன்றையொன்று தொட்டுவிடும். செம்பு, இரும்பு, இடையே உப்பு நீர் என மூன்றும் சேர்ந்தால் அது ஒரு மின்கலமே. நியம மின்முனை அழுத்தம் (இது குறைவாக உள்ள உலோகமே முதலில் அரிபடும்) செம்புக்கு +0.34 வோல்ட், இரும்புக்கு −0.44, துத்தநாகத்துக்கு −0.76 என்பதால், முதலில் துத்தநாகப் பூச்சும் பிறகு இரும்பும் கரையும், செம்பு தப்பித்துக்கொள்ளும். இரு உலோகங்களும் தொடாதபடி பிரிக்கும் நைலான் புஷ்ஷும் ரப்பர் வாஷரும் உள்ள மின்காப்பு யூனியன் என்ற இணைப்பைப் பொருத்துங்கள். நீரை வடித்துக் காயவிட்டு மல்டிமீட்டரை மின்தொடர்ச்சிச் சோதனையில் வைத்து, அதன் முனைகளை யூனியனின் இருபுறமும் வையுங்கள். ஒலி எழுந்தால் காப்பு இல்லை என்று பொருள்.

கேட்டவர்:
நன்றி ஐயா. அதே ஜி.ஐ. குழாயில் உள்ள பித்தளை வால்வு இருபது ஆண்டுகளாகத் தொல்லை தரவில்லையே? பித்தளையிலும் செம்புதானே இருக்கிறது?

பதில் 2:
பரப்பளவே காரணம். சின்னஞ்சிறு வால்வுக்கு எதிரே நீளமான இரும்புக் குழாய் இருப்பதால் அரிப்பு பரவி மெலிந்துவிடுகிறது. மாறாக, நீண்ட செம்புக் குழாய்களின் நடுவே ஒரு ஜி.ஐ. நிப்பிளை (இருபுறமும் மரையுள்ள குட்டைக் குழாய்) மாட்டினால் அது விரைவில் ஓட்டையாகும்.

யூனியன் மட்டும் உங்கள் சிக்கலைத் தீர்க்காது என்பது என் கருத்து. உங்கள் வீட்டில் நீர் செம்பைக் கடந்த பிறகே ஜி.ஐ.க்குள் நுழைகிறது. அதில் கரைந்து வரும் மிகச் சிறிதளவு செம்பு, ஜி.ஐ. குழாயின் உட்சுவரில் படிந்து, படிந்த இடத்திலெல்லாம் குட்டி மின்கலங்களை உண்டாக்கிக் குழி பறிக்கும். இதை எந்த யூனியனாலும் தடுக்க முடியாது. ஓட்டத்தில் ஜி.ஐ. முன்னும் செம்பு பின்னும் வந்தால் தொல்லை குறைவு, ஆனால் வெந்நீர் வழியில் அந்த வரிசையை மாற்ற இயலாது. ஆகவே செம்புக்குக் கீழுள்ள ஜி.ஐ. முழுவதையும் சி.பி.வி.சி. என்ற வெந்நீருக்கான பிளாஸ்டிக் குழாயாக மாற்றிவிடுங்கள். அது சுமார் 82 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். கோடையில் இரண்டு நாள் பயன்படுத்தாமல் விட்டால் நீர் அதையும் மிஞ்சக்கூடும் என்பதால், தொட்டியருகே வெந்நீரோடு தண்ணீரைக் கலந்து சூட்டைக் குறைக்கும் ஒரு கலப்பு வால்வு வையுங்கள்.

பதில் 3:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். பழைய வீடுகளில் சிலர் இந்த ஜி.ஐ. குழாயிலேயே எர்த் கம்பியைக் கட்டியிருப்பார்கள். பிளாஸ்டிக் குழாய் மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், குழாயை மாற்றுவதற்கு முன், தனி எர்த் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.