கமிட் உரிமை கொடுத்தது, வாங்கியது, பிடுங்கியது: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மண்டபம்கேம்ப்

நானே ஆரம்பித்து வைக்கிறேன். கமிட் என்றால் பலர் சேர்ந்து எழுதும் மென்பொருளில் ஒரு மாற்றத்தைப் பதிவது. அதைச் செய்ய யாருக்கு உரிமை என்பதுதான் பேச்சு.

இரண்டு வருடத்துக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலத்தில் (ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள்) நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மீன் பெயர்த் தொகுப்பு ஒன்றைத் தொடங்கினோம். ஒரே மீனுக்கு வடகடலில் ஒரு பேர், தென்கடலில் ஒரு பேர். அதையெல்லாம் குரல் பதிவோடு சேர்த்து, தேடிப் பார்க்க ஒரு சின்னச் செயலி. படகெல்லாம் கரையில் கிடந்ததால் சொல்ல ஆட்களும் கிடைத்தார்கள்.

நிரலைச் சேர்ந்து எழுதி வைக்கும் தளமான கிட்ஹப்பில், என் சொந்தக் கணக்கில்தான் களஞ்சியம், அதாவது திட்டத்தின் கோப்பெல்லாம் இருக்கும் இடம். சொந்தக் கணக்கில் ஒருவரைக் கூட்டாளியாகச் சேர்த்தால் எழுதும் உரிமை முழுசாக அவருக்குக் கிடைத்துவிடும். இவருக்கு இவ்வளவு, அவருக்கு அவ்வளவு என்று அளந்து கொடுக்க வேண்டுமானால் நிறுவனக் கணக்கு வேண்டும். அதெல்லாம் யார் யோசித்தது? நாலு பேருக்கும் கொடுத்தேன்.

அதில் ஓர் அண்ணன் கத்தாருக்கு வேலைக்குப் போனார். போகும்முன் மடிக்கணினியை ராமநாதபுரத்தில் ஒரு கடையில் விற்றுவிட்டார். அவரும் அழிக்கவில்லை, கடைக்காரரும் அழிக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு காலை எழுந்து பார்க்கிறேன், எங்கள் ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் இருந்ததெல்லாம் போய் 'ஹலோ வேர்ல்ட்' என்று ஒரே வரி. கமிட் அண்ணன் பேரில். குறிப்பு: 'மை ஃபர்ஸ்ட் கமிட்'.

"அண்ணே, என்ன இது?" என்று வாட்ஸப்பில் கேட்டேன். "நான் கம்ப்யூட்டரைத் தொட்டே மூணு மாசம் ஆச்சு தம்பி" என்றார். அப்போதுதான் விற்ற கதையே வெளியே வந்தது.

கடைக்காரருக்கு வாங்கியவர் நினைவிருந்தது. பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பெண். யூடியூபில் கிட் (கமிட் போடும் மென்பொருள்) பாடம் பார்த்து, கணினியில் ஏற்கெனவே இருந்த ஒரு ஃபோல்டரில் அப்படியே செய்து பழகியிருக்கிறார். கணினியிலிருந்தே கிட்ஹப்புக்குள் நுழைய உதவும் கோப்புதான் எஸ்எஸ்எச் சாவி. அண்ணனின் சாவிக்குக் கடவுச்சொல் கிடையாது. அது பாட்டுக்கு உள்ளே விட்டுவிட்டது. நாங்கள் போய் விசாரித்ததும் அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. அவர் அம்மா டீ போட்டுக் கொடுத்து, "கேஸ் ஆகுமா தம்பி?" என்று கேட்டார். பழையபடி மீட்க இரண்டு நிமிடம்தான் ஆனது.

அப்புறம் அந்தச் சாவியை நீக்கினோம். பிரதான கிளையில், அதாவது எல்லாரும் பயன்படுத்தும் மூலப் பிரதியில், யாரும், நான் உட்பட, நேரடியாக எழுத முடியாதபடி பூட்டினோம். ஆறு மாதம் தொடாதவருக்கு எழுதும் உரிமை போகும் என்று விதி வைத்தோம். அந்த விதியின்படி முதலில் போனது அண்ணன்தான். "என்னையத் தூக்கிட்டீங்களாக்கும்" என்று ஒரு செய்தி, அதோடு இரண்டு மாதம் பேச்சில்லை. களஞ்சியத்தை மீட்பது சுலபமாக இருந்தது, இது இல்லை. அப்பாச்சி என்ற திறமூல மென்பொருள் அறக்கட்டளையில் ஒதுங்கியவர்களை 'எமரிட்டஸ்' என்று மரியாதையாக வைத்திருப்பதைப் பார்த்து, நாங்களும் 'முன்னோடிகள்' என்று ஒரு கோப்பு போட்டு அவர் பேரை முதலில் எழுதினோம். இப்போது பேசுகிறார்.

தொண்டிக்கரை

உங்களுக்குச் சாவி பிரச்சினை, எங்களுக்குக் கையெழுத்துப் பிரச்சினை. உள்ளே எழுதும் உரிமை வேறு, கொடுத்த நிரலைப் பயன்படுத்த அனுமதித்துப் போடும் கையெழுத்து வேறு என்பதே எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுட்டேனே, ஏன் இன்னும் உள்ளே விடல?" என்று ஒருத்தர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

நான் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது, ராத்திரி நேரத்தில் ஒரு திறமூலத் திட்டத்துக்கு (நிரலை யாரும் பார்த்துத் திருத்தலாம்) நிரல் எழுதினேன். எழுதியது என் வீட்டில், ஆனால் கம்பெனி மடிக்கணினியில். அந்தத் திட்டத்தில் பங்களிப்பாளர் உரிம ஒப்பந்தம், அதாவது சிஎல்ஏ, கேட்டார்கள். 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு, முதலாளிக்கு உரிமை இருந்தால் அவர் அனுமதித்திருக்கிறார்' என்று ஒரு வரி. படிக்காமல் ஒத்துக்கொண்டேன்.

நம் நாட்டு 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவுப்படி, வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளிதான். நான் செய்தது வேலையின் பகுதியா இல்லையா என்பதில்தான் சிக்கல். வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் 'பணிக்காலத்தில் உருவாக்கும் எதுவும்' என்று அகலமாக எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதவளத் துறைக்குக் கடிதம் எழுதினேன். அவர்கள் சட்டப் பிரிவுக்கு அனுப்பினார்கள். ஆறு வாரம். கடைசியில் பதிலே வரவில்லை. திட்டத்தை நடத்துகிறவரிடம் உண்மையைச் சொல்லி நிரலை எடுக்கச் சொன்னேன். வேறொருவர் என் நிரலைப் பார்க்காமல் புதிதாக எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை.

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலை எழுதுகிறவர்கள் இதற்குச் சின்ன வழி வைத்திருக்கிறார்கள். 2003இல் எஸ்சிஓ நிறுவனம், தன் நிரல் லினக்ஸுக்குள் போய்விட்டது என்று ஐபிஎம் மீது வழக்குப் போட்ட பிறகு, 'இந்த நிரல் எங்கிருந்து வந்தது' என்ற கேள்விக்குப் பதில் வேண்டியிருந்தது. 2004இல் டிசிஓ என்ற உறுதிமொழி வந்தது, 'இதைத் தர எனக்கு உரிமை உண்டு' என்று. ஒவ்வொரு கமிட்டின் கீழும் 'சைன்ட் ஆஃப் பை' என்று பேரும் மின்னஞ்சலும் ஒரு வரி, அவ்வளவுதான். சிஎல்ஏ போல ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துபோக முடியாது, ஒவ்வொரு முறையும் கை அந்த வரியைத் தொடும். எனக்கு அதுதான் பிடிக்கிறது.

உச்சிப்புளி டீச்சர்

என் மாணவன் ஒருவன், 17 வயது, வெளிநாட்டுத் திட்டம் ஒன்றின் தமிழாக்கத்தில் பிழை கண்டுபிடித்துத் திருத்தி அனுப்பினான். உடனே ஒரு தானியங்கி வந்து சிஎல்ஏ-வில் கையெழுத்துக் கேட்டது. நம் சட்டப்படி 18 வயதாகாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது, 1903இல் பிரிவி கவுன்சிலே தீர்ப்புச் சொன்ன விஷயம். நடத்துகிறவர்களிடம் கேட்டால், பெற்றோர் கையெழுத்துப் போடட்டும் என்றார்கள்.

அப்பா நாட்டுப்படகில் போகிறவர். தமிழில் விளக்கி ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். வலையைக் கோத்துக்கொண்டே கேட்டார். கையெழுத்து என்றதும் கை நின்றுவிட்டது.

"எவ்வளவு டீச்சர்?"

"எது?"

"கடன். ஜாமீன்தானே கேக்குறீங்க?"

கடன் இல்லை என்று புரிய வைக்கவே கால் மணி நேரம் ஆனது. அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்விகளை எந்த வக்கீலும் கேட்டு நான் பார்த்ததில்லை. "பையன் எழுதினது அவங்களுக்குப் போயிடுமா?" இல்லை, அவன் பேரிலேயே இருக்கும், அவர்கள் பயன்படுத்த அனுமதி மட்டும். "அனுமதிய பின்னாடி திருப்பி வாங்கலாமா?" வாங்க முடியாது, அதில் நிரந்தரம் என்று போட்டிருக்கிறது. "அப்ப படகு நம்ம பேர்ல, ஓட்டுறது எல்லாரும். சரி, காசு கொடுக்காம ஓட்டுவாங்களா?" ஆமாம் என்றேன். சிரித்துவிட்டுப் போட்டுக் கொடுத்தார்.

எல்லா ஒப்பந்தமும் அப்படி அனுமதி மட்டும் கேட்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உரிமையையே எழுதி வாங்கும் ஒப்பந்தங்களும் உண்டு. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை, ஜிசிசி என்ற நிரல்பெயர்ப்பி மென்பொருளுக்கு வெகுகாலம் அப்படித்தான் வாங்கியது, 2021இல்தான் ஜிசிசி குழு அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியது. நம் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை: உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு மாதிரியை அப்படியே நகலெடுத்து ஊர்த் திட்டத்துக்குப் போடுகிற தம்பிமார் இந்த 19ஆவது பிரிவை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

சாயல்குடி பனங்காடு

சிஎல்ஏ கேட்டாலே நான் ஒதுங்கிவிடுவேன். சர்வர்களை அமைக்கும் மென்பொருளான டெராஃபார்முக்குச் சிஎல்ஏ போட்டு நிரல் கொடுத்தவர்கள் என்ன கண்டார்கள்? 2023 ஆகஸ்டில் கம்பெனி எம்பிஎல் என்ற திறமூல உரிமத்தை விட்டு, போட்டியாளர்களுக்குத் தடை போடும் பிஎஸ்எல்-க்கு மாறியது, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய நிரலை எடுத்து ஓப்பன்டோஃபு என்று தனித் திட்டமாகப் பிரிந்து போய்ப் பிழைத்தார்கள். டீச்சர், அடுத்த தடவை அந்த மாணவனின் அப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

உச்சிப்புளி டீச்சர்

சொல்கிறேன் தம்பி. பழைய உரிமத்தில் வெளிவந்த நிரலை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். பிரிந்து போக முடிந்ததே அதனால்தானே.

கீழக்கரை காக்கா

லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் கதை பலருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்து நம்பிக்கை சம்பாதித்த ஒரு கணக்கு, உள்ளே பின்வாசல், அதாவது திருட்டுத்தனமாக நுழைய வழி, வைத்தது. 2024 மார்ச் 29 அன்று ஆண்ட்ரஸ் ஃப்ராயண்ட் என்ற பொறியாளர் வெளியே சொன்னார். எஸ்எஸ்எச் வழியே இன்னொரு கணினிக்குள் நுழைவது அரை நொடி தாமதமானதைத் துருவிப் போய்த்தான் கண்டுபிடித்தார். அந்தக் கணக்குக்கு உரிமை கொடுக்கச் சொல்லி முன்பே வேறு சில கணக்குகள் அந்தத் திட்டத்தை நடத்தும் பராமரிப்பாளரை நச்சரித்திருக்கின்றன.

அதைப் படித்த அடுத்த மாதமே எனக்கு அப்படி ஒருவர். தொழுகை நேரம் காட்டும் என் சின்ன நிரல்தொகுப்புக்கு எட்டு மாதமாக அருமையான திருத்தங்கள் அனுப்பிக்கொண்டிருந்தவர். முகம் தெரியாது. இன்னொருவர் வந்து, "பராமரிப்பாளர் மெதுவா இருக்கார், இவருக்கு உரிமை கொடுங்க" என்று எழுதினார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், கொஞ்சம் கடுமையாகவே.

அவர் நிஜமான ஆள். தூத்துக்குடியில் படிக்கிற பையன், எழுதினது அவன் நண்பன். ஒருநாள் கடைக்கே வந்து நின்றான், "காக்கா, நான்தான் அது" என்று. உட்காரவைத்து ஓட்டுமாவு கொடுத்தேன். உரிமை மட்டும் இன்றுவரை கொடுக்கவில்லை. பார்வையிட்டுச் சேர்க்க நான் இருக்கும்போது அவனுக்கு அது எதற்கு? அவனுக்கு வருத்தம்தான். நான் செய்தது சரியா என்று கேட்டால், ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

மண்டபம்கேம்ப்

காக்கா, ஓட்டுமாவுக்காகவே நானும் ஒரு திருத்தம் அனுப்புகிறேன்.

எங்களுக்கு இப்போது புதுத் தலைவலி. தொகுப்பின் சொற்களை ஆரம்பத்தில் எல்லாரும் பயன்படுத்தலாம், ஆனால் 'வணிகப் பயன்பாடு கூடாது' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் போட்டிருந்தோம். அதை விக்கிப்பீடியாவின் கோப்புக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ் ஏற்காது. மாற்ற வேண்டுமானால் பங்களித்த 11 பேரும் சம்மதிக்க வேண்டும். பலர் சேர்ந்து வரையும் இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012இல் உரிமம் மாற்றியபோது, சம்மதிக்காதவர்கள் போட்டதை வரைபடத்திலிருந்தே எடுக்க வேண்டியிருந்தது.

பத்துப் பேர் சரி என்றுவிட்டார்கள். கத்தார் அண்ணன் உட்பட. பதினொன்றாவது ஆள் பாம்பன் தாத்தா ஒருவர். நோட்டுப் புத்தகத்தில் காற்றுப் பேர், மீன் பேர், மீனின் குணம் என்று அறுபது பக்கம் பென்சிலில் எழுதிக் கொடுத்தவர். போன வருடம் காலமாகிவிட்டார். பதிப்புரிமை இறந்த பிறகும் 60 வருடம் வாரிசுகளிடம் இருக்கும். மூன்று மகன்கள். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். மூன்றாமவர் சனிக்கிழமை விசைப்படகில் போயிருக்கிறார், நாளைக் காலை கரைக்கு வருவார். நோட்டை எடுத்துக்கொண்டு போகிறேன். அவர் இன்னும் அதைப் பார்த்ததில்லையாம்.